டிஸ்க் போடும் வாயை அடைத்துவிடாதீர்கள்

சோனி, நின்டெண்டோ, மைக்ரோசொப்ட் நிறுவனங்களில் அடுத்த கேம் கொன்சோலுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்தில் இருக்கிறது எங்கள் ஊர். என் மேசையில் இப்போது ஒரு காலி டிஸ்க் பெட்டி கிடக்கிறது. 2018இல் வந்த 'கோட் ஒஃப் வோர்' விளையாட்டின் பெட்டி. டிஸ்க் மஸ்கெலியாவில் ஒரு வீட்டில் இருக்கிறது. பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு சின்னத் தாளை ஒட்டி, அந்த டிஸ்க் போய் வந்த ஊர்களைப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன். லிந்துலை, நானுஓயா, ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, திரும்பவும் ஹட்டன், இப்போது மஸ்கெலியா. ஒரே டிஸ்க்கில் பதினொரு பேர் அந்தக் கதையை முடித்திருக்கிறார்கள்.

இறந்துபோன தாயின் சாம்பலை, இருப்பதிலேயே உயர்ந்த மலையின் உச்சிக்கு எடுத்துப் போகும் அப்பாவும் மகனும்தான் அந்த விளையாட்டு. சிவனொளிபாத மலையைப் பார்த்தே வளர்ந்த மஸ்கெலியாக்காரர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டிஸ்க்கை வாங்கிப் போன தம்பி ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, "அண்ணே, அந்தப் பையன் அப்பாகிட்ட பேசவே பயப்படுறான். நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்தத் தாள்தான். அடுத்து வரும் கொன்சோல்களில், அதாவது டீவியில் மாட்டி விளையாடும் மெஷின்களில், டிஸ்க் போடும் வாய் இருக்குமா, இருக்காதா என்று எங்கு பார்த்தாலும் பேச்சு அடிபடுகிறது. எங்கள் பக்கத்து நிலைமையை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால் நான் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஒரு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் குசினி. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா தீபாவளி அட்வான்ஸ் எடுத்து, டவுனில் ஒரு 'டீவி கேம்' வாங்கி வந்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு கெசட். அதன் மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உள்ளே இருப்பதாகப் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான். அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். மரியோ, கொன்ட்ரா, டாங்கி. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகொமின் நகல் அது என்று எனக்குத் தெரியவந்தது இருபது வயதுக்குப் பிறகுதான்.

எங்கள் லயத்தில் கலர் டீவி இருந்த வீடு ஒன்றுதான். சனிக்கிழமை பின்னேரம் எல்லாப் பிள்ளைகளும் அங்கே போய்விடுவோம். ஒரு உயிர் போனால் ரிமோட் அடுத்தவன் கைக்குப் போக வேண்டும். (கொன்ட்ரோலரை அப்போது நாங்கள் ரிமோட் என்றுதான் சொல்வோம்.) கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வரும் அம்மாமார் இஸ்தோப்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் இப்போது கணித ஆசிரியராக இருப்பதால் இப்படிப்பட்ட கணக்குகள் என் மனதில் நின்றுவிடும்: 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட். அந்த 40 கிலோபைட்டுக்குள் விளையாட்டு முழுசாக இருந்தது. கெசட்டைப் போட்டால் ஓடியது. அதற்கு மேல் அது எங்களிடம் எதையும் கேட்கவில்லை.

அதற்கடுத்து ஹட்டனில் ஒரு கேம் கடை. மாடிப்படி ஏறிப் போனால் நான்கு டீவி, சோனியின் பிளேஸ்டேஷன் 2 கொன்சோல் நான்கு. மணிக்கணக்கில் காசு. ரயிலுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து, கொட்டகலையிலிருந்து நடந்து போய் அங்கே 'கிரிக்கெட் 07' விளையாடியவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன். இலங்கை அணியை யார் எடுப்பது என்பதில்தான் முதல் சண்டை வரும். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையில் இருந்தவை எல்லாம் கொப்பி டிஸ்க்குகள், திருட்டு நகல்கள். ஒரிஜினல் டிஸ்க் எப்படி இருக்கும் என்று எங்களில் யாரும் பார்த்ததே இல்லை. வாங்கலாம் என்று நினைத்தாலும் விற்க ஆளில்லை.

எனக்கு நியமனம் கிடைத்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீட்டுப் போட்டு ஒரு பிளேஸ்டேஷன் 4 எடுத்தேன். அதோடு வாங்கியதுதான் என் முதல் ஒரிஜினல் டிஸ்க். அந்தப் பெட்டியைப் பிரித்தபோது வந்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கொப்பி பக்கம் நான் போகவில்லை. விளையாட்டை உருவாக்குகிறவர்களுக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்று இப்போது பாடசாலையில் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

ஒரு புது டிஸ்க்கின் விலை எங்கள் ஊரில் சின்னத் தொகை இல்லை. அதனால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஆளுக்கொரு விளையாட்டு என்று வாங்கி மாற்றிக்கொள்ளத் தொடங்கினோம். ஒருவர் டிக்கோயாவில் பார்மசியில் வேலை. ஒருவர் திரீவீல் ஓட்டுகிறார். இரண்டு பேர் கொழும்பில் கடையில் நின்றுவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறவர்கள். டிஸ்க்கைத் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, பஸ் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்துவிடுவோம். மறுமுனையில் ஒருவர் வந்து நின்று வாங்கிக்கொள்வார். இத்தனை வருடத்தில் ஒரு டிஸ்க்கூடத் தொலைந்ததில்லை.

இது உங்களுக்குப் புதுசு இல்லை. 2013 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தன் புதுக் கொன்சோலான எக்ஸ்பொக்ஸ் வன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், டிஸ்க்கை மற்றவருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசொப்ட் சொன்னது. அப்போது சோனி ஒரு சின்ன வீடியோ போட்டது. அரை நிமிடம்கூட வராது. பிளேஸ்டேஷன் 4இல் விளையாட்டைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று தலைப்பு வரும். சோனியின் ஷூஹெய் யொஷிடா ஒரு டிஸ்க் பெட்டியைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவார். அவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார். அவ்வளவுதான் முறை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் செய்வதும் அதேதான். மைக்ரோசொப்ட் அந்த மாதமே, ஜூன் 19ஆம் தேதி, தன் முடிவை மாற்றிக்கொண்டது. ரசிகர்கள் கேட்டார்கள், நீங்கள் காது கொடுத்தீர்கள். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அந்த வீடியோ வந்து பதினொரு வருடத்தில், 2024 நவம்பரில், சோனி பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை டிஸ்க் போடும் வாய் இல்லாமலே விற்பனைக்கு விட்டது. அப்போது அமெரிக்க விலை 699.99 டொலர். டிஸ்க் டிரைவ் வேண்டுமென்றால் தனியாக 79.99 டொலர். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலையை ஒரு 'பேர்' என்று சொல்வோம். 2024இல் ஒரு பேருக்கான அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால், அந்த ப்ரோவுக்கு 156 பேர் போட வேண்டும். வரியும் கடைக்காரர் இலாபமும் இதில் சேரவில்லை. நான் ப்ரோ கேட்கவில்லை, அதை வாங்கவும் போவதில்லை. என் கவலை வேறு. இன்றைக்கு விலை கூடிய மெஷினில் இல்லாமல் போவது நாளைக்கு எல்லா மெஷினிலும் இல்லாமல் போய்விடும். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் ஏற்கெனவே அந்த வாய் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒருவரால் வாங்க முடிகிற எக்ஸ்பொக்ஸ் பெரும்பாலும் அதுதான். அதை வாங்கியவர் எங்கள் வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். அவரால் யாரிடமும் ஒன்றும் வாங்க முடியாது, யாருக்கும் ஒன்றும் கொடுக்கவும் முடியாது.

டிஸ்க் இருந்தும் பிரயோசனமில்லாத நிலைமையும் இருக்கிறது. 2022இல் வந்த 'கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார் 2' டிஸ்க்கில் இருந்தது ஏறத்தாழ 70 மெகாபைட் மட்டும். மிச்சம் முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் ஒன்று 100 ஜிபி வரை தாங்கும். இடம் இருந்தது, வைக்கவில்லை. டிஸ்க்குக்குப் பதில் கார்டு போடும் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கொன்சோலுக்கு 'கேம்-கீ கார்ட்' என்று ஒன்று வருகிறது. கார்டுக்குள் விளையாட்டு இல்லை, அதை இறக்கிக்கொள்ள ஒரு சாவி மட்டும் இருக்கிறது. அதே ஸ்விட்ச் 2க்கு 'சைபர்பங்க் 2077' விளையாட்டை அதன் தயாரிப்பாளர்கள் 64 ஜிபி கார்டில் முழுசாக வைத்துக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய விளையாட்டையே வைக்க முடிகிறது என்றால் மற்றவர்களாலும் முடியும்.

எங்கள் பக்கத்து இணையம் எப்படி என்றும் சொல்ல வேண்டும். டவுனில் பரவாயில்லை. தோட்டத்துக்குள் போனால், மலை மடிப்புக்குப் பின்னால் இருக்கிற லயங்களில், ஜன்னலில் ரவுட்டரை வைத்துக்கொண்டு சிக்னல் கோடு எத்தனை என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பனிமூட்டமும் மழையும் இறங்கிய நாட்களில் அதுவும் இல்லை. நல்ல நாளில் விநாடிக்கு 5 மெகாபிட் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 100 ஜிபி இறக்க 44 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். பகல் டேட்டாவில் இறக்கினால் மாதப் பெக்கேஜ் அன்றே முடிந்துவிடும். அதனால் நள்ளிரவுக்கு மேல் கிடைக்கும் இரவு டேட்டாவுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஏழு மணித்தியாலம் என்றால் ஆறு ராத்திரி போதாது, ஏழாவது ராத்திரியும் தேவை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே ஒரு முறை கணக்காகக் கொடுத்தேன். ஒருவன்கூடப் பிழை விடவில்லை. எல்லோருக்கும் இது தெரிந்த கணக்கு.

போன வருடம் ஒரு விளையாட்டின் டிஸ்க்கை வாங்கி வந்தேன். பெயர் வேண்டாம். தங்கச்சி மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பத்து வயது. வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அட்டையில் உள்ளதை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தான். வீட்டில் டிஸ்க்கைப் போட்டோம். 90 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும் என்று வந்தது. அவன் நான்கு நாள்தான் இருந்தான். தினமும் காலையில் எழுந்து வந்து அந்த நீலக் கோடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தான். மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. ஐந்தாம் நாள் காலையில் அவனை பஸ் ஏற்றிவிட்டேன். விளையாட்டு அன்றைக்குப் பின்னேரம்தான் தயாரானது. நான் அதைத் திறக்கவில்லை. அவன் அடுத்த விடுமுறைக்கு வந்த பிறகுதான் சேர்ந்து தொடங்கினோம்.

கரண்ட் என்றதும் இன்னொன்றும் நினைவு வருகிறது. எங்கள் டவுனை ஒட்டியே மேல் கொத்மலை அணை இருக்கிறது, 150 மெகாவாட். காசல்ரீ, மவுசாகலை, லக்சபான என்று நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் தண்ணீர் எங்கள் மலைகளிலிருந்துதான் போகிறது. அப்படியிருந்தும் 2022இல் நெருக்கடி முற்றியபோது ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். அந்த மாதங்களில் கரண்ட் வருகிற நேரத்தைச் சுவரில் எழுதி வைத்திருந்தோம். சமையல், உடுப்பு அயர்ன் பண்ணுவது, போன் சார்ஜ், அதெல்லாம் முடிந்து மிஞ்சும் அரை மணி நேரத்தில் டிஸ்க்கைப் போட்டால் அந்த அரை மணியும் விளையாட முடிந்தது. டவர்களுக்கும் கரண்ட் இல்லாததால் சிக்னல் சுத்தமாக இருக்காது. முழு விளையாட்டும் டிஸ்க்கில் இருந்ததால் மட்டும்தான் அது நடந்தது. அதே வருடம் மார்ச்சில் 'கிரான் டூரிஸ்மோ 7' விளையாட்டின் சேர்வர் பராமரிப்பு நீண்டுபோய், உலகம் முழுக்க 30 மணித்தியாலத்துக்கு மேல் அதை யாராலும் சரியாக விளையாட முடியவில்லை. தனியாக ஓட்டும் கார் பந்தயத்துக்கும் இணையம் வேண்டும் என்று வைத்ததால் வந்தது அது. நல்ல கரண்ட், நல்ல பைபர் இருக்கிற ஊர்க்காரர்கள் அந்த ஒரு நாள் பட்ட அவஸ்தை எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

இனி, எனக்கு ரொம்ப மனத்தாங்கலான விஷயம். சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் திறக்கும்போது நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வீர்கள். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே பிளேஸ்டேஷன் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் வேறொரு நாட்டில் வசிப்பதாகப் பொய் எழுதிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் கிஃப்ட் கார்டை, விலைக்கு மேல் விலை கொடுத்து இங்குள்ள கடையில் வாங்கிக் காசு ஏற்றுகிறார்கள். பொய் முகவரி உங்கள் விதிகளுக்கு எதிரானது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் வாங்கியதெல்லாம் என்றைக்காவது ஒருநாள் பறிபோகுமோ என்ற பயம் எப்போதும் இருக்கிறது. நோர்வூட் நண்பர் ஒருவருடைய கணக்கு, ஒரு இணையக் கடையில், அப்படித்தான் ஒருநாள் பூட்டிக்கொண்டது. எந்தக் கொன்சோல், எந்தக் கடை என்பதை விட்டுவிடுகிறேன். நான்கு வருடம் சேர்த்த விளையாட்டுகள் போய்விட்டன. முறையிடுவதற்கு, தான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று உண்மையைச் சொல்ல அவரால் முடியவில்லை. அவரிடம் இருந்த மூன்று டிஸ்க்குகள் மட்டும் மிஞ்சின. அவை இன்றைக்கும் ஓடுகின்றன.

2024 மே மாதம் சோனி வெளியிட்ட 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டு விஷயத்தில் இதே பிரச்சினை உலகத்துக்கே தெரிந்தது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு இணைக்க வேண்டும் என்று சோனி சொன்னது. அந்தக் கணக்கே திறக்க முடியாத நாடுகள் எத்தனை என்று அப்போதுதான் பலர் எண்ணிப் பார்த்தார்கள். 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் அதன் விற்பனை நின்றது. எதிர்ப்பு வந்ததும், சில நாட்களிலேயே கணக்கு இணைக்கும் கட்டாயத்தைக் கைவிட்டீர்கள். அதற்கு முன் 2021இலும், பிளேஸ்டேஷன் 3 கடையை மூடப்போவதாகச் சொல்லி, ஆட்கள் கேட்டுக்கொண்டதும் திறந்தே வைத்தீர்கள். அதற்கெல்லாம் நான் மனதார நன்றி சொல்கிறேன். ஒரு படி மேலே போய் எங்கள் நாட்டின் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். உண்மை முகவரி எழுதி, ரூபாயில் காசு கட்டி வாங்க இங்கே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

கடைகள் மூடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நின்டெண்டோவின் பழைய மெஷின்களான வீ யூ, 3டிஎஸ் இரண்டின் இணையக் கடைகளும் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. எக்ஸ்பொக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில். 'த க்ரூ' என்ற கார் விளையாட்டின் சேர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அது செத்துப்போனது; டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும்தான். அதிலிருந்து பிறந்த 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. எனக்கு அதில் கையெழுத்துப் போட உரிமை இல்லை. இருந்திருந்தால் முதல் நாளே போட்டிருப்பேன்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 'வெண்பா' நினைவுக்கு வருகிறது. 2023இல் வந்த சின்ன விளையாட்டு. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்புப் புத்தகத்தில் எழுத்துகள் அழிந்து போயிருக்கும். விட்டுப்போனதை ஊகித்து, இட்டலித் தட்டை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதும் கிடைத்தது. அதை நான் வீட்டில் போட்டபோது, கேம் என்றாலே எழுந்து போய்விடும் என் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தண்ணிய மொதல்ல ஊத்தணும், அந்தப் புள்ளைக்குச் சொல்லு" என்றார். ஒரு கொன்சோலில் ஓடுகிற விளையாட்டைப் பார்த்து அம்மா பேசிய முதல் வார்த்தை அது. நான் அதை இணையக் கடையில், பொய் முகவரிக் கணக்கில்தான் வாங்கினேன். அந்தக் கடை மூடப்படுகிற நாளில், அல்லது என் கணக்கு பூட்டப்படுகிற நாளில், அந்த இட்டலிப் பானை என் வீட்டிலிருந்து போய்விடும்.

ஒரே வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடுவதையும் நீங்கள் கைவிட்டுக்கொண்டு வருகிறீர்கள். எக்ஸ்பொக்ஸின் 'ஹேலோ' விளையாட்டுத் தொடர், திரையை இரண்டாகப் பிரித்து விளையாடுவதற்குப் பெயர் போனது. 2015இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அது இல்லை. 'ஹேலோ இன்ஃபினிட்' கதையைச் சேர்ந்து விளையாட ஒரே திரையில் வழி செய்வோம் என்று சொல்லி, 2022இல் அதையும் கைவிட்டார்கள். நண்பர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டில், தங்கள் கொன்சோலில், தங்கள் மாதச் சந்தாவில் இருந்து விளையாடுவார்கள் என்ற எண்ணத்தில் எடுத்த முடிவாகத்தான் எனக்குத் தெரிகிறது. எக்ஸ்பொக்ஸின் சந்தாத் திட்டமான கேம் பாஸ் அல்டிமேட்டின் மாதச் சந்தா 2025 ஒக்டோபரில் 29.99 டொலர் ஆனது. அது எங்கள் கணக்கில் மாதம் ஏழு பேர், அதாவது ஏழு நாள் சம்பளம். இங்கே ஒரு கொன்சோலைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். 'இட் டேக்ஸ் டூ' செய்தவர்களைக் கும்பிட வேண்டும் போலிருக்கிறது. ஒரு டிஸ்க், ஒரு டீவி, இரண்டு கொன்ட்ரோலர். இரண்டு பேர் இல்லாமல் அதை விளையாடவே முடியாது. கல்யாணமாகிப் பண்டாரவளைக்குப் போன தங்கச்சியும் நானும் ஒரு தீபாவளி விடுமுறையில் அதை முடித்தோம். சின்ன வயதில் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டவர்கள் நாங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. டிஸ்க் அச்சடிக்க, அனுப்ப, கடைக்காரருக்குக் கொடுக்கச் செலவு இருக்கிறது. பணக்கார நாடுகளில் அதிகம் பேர் இணையத்தில்தான் வாங்குகிறார்கள். ஒரு டிஸ்க்கில் பதினொரு பேர் விளையாடினால் பத்து விற்பனை போய்விட்டது என்று உங்கள் கணக்காளர் சொல்லலாம். அந்தப் பதினொரு பேரை நான் நேரில் அறிவேன். அதில் நான்கு பேர், 2022இல் 'கோட் ஒஃப் வோர்' விளையாட்டின் அடுத்த பாகமான 'ரக்னரொக்' வந்தபோது, காசு சேர்த்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். முதல் பாகம் கைக்குக் கை வந்திருக்காவிட்டால் அவர்களுக்கு அந்தக் கதையே தெரிந்திருக்காது. இன்னும் இரண்டு பேர் அதற்காகவே கொன்சோல் வாங்கினார்கள். கொடுத்து வாங்குகிற வழியை மூடினால் மிச்சமுள்ளவர்கள் உங்கள் கடைக்கு வந்துவிட மாட்டார்கள். பழையபடி கொப்பிக்குப் போவார்கள், இல்லாவிட்டால் போனில் இலவசமாகக் கிடைப்பதை விளையாடிக்கொண்டு இருந்துவிடுவார்கள். கொப்பியை விட்டு வெளியே வர எனக்கு எத்தனை வருடம் எடுத்தது என்று எனக்குத் தெரியும்.

நின்டெண்டோ 2025இல், இணையத்தில் வாங்கிய விளையாட்டையும் குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு 14 நாள் இரவல் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தது. அது நல்ல தொடக்கம். யாரோ ஒருவர் அங்கே இரவல் என்ற சொல்லை நினைத்துப் பார்த்திருக்கிறார். பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கைப் பிளேஸ்டேஷன் 5இலும், ஸ்விட்ச் கார்டை ஸ்விட்ச் 2இலும் போட முடிகிறது என்பதும் பெரிய உதவி. நான் சீட்டு முடிந்து பிளேஸ்டேஷன் 5க்கு மாறியபோது பழைய டிஸ்க் ஒன்றையும் விற்க வேண்டி வரவில்லை. அதனால்தான் அந்தத் தாளில் இன்னும் ஊர்ப் பெயர் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

அடுத்த கொன்சோலிலும் அந்த வாயை விட்டுவையுங்கள். விலை குறைந்த மெஷினில் முதலில் வையுங்கள், ஏனென்றால் அது எங்களுக்குத்தான் அதிகம் தேவை. டிஸ்க்குக்குள்ளும் கார்டுக்குள்ளும் தொடக்கம் முதல் முடிவு வரை விளையாடக்கூடிய விளையாட்டு இருக்கட்டும். பிறகு வரும் திருத்தங்களை முடிந்தவர்கள் முடிந்தபோது இறக்கிக்கொள்வோம். தனியாக விளையாடுகிற கதைக்கு இணையம் கேட்காதீர்கள். சேர்வரை நிறுத்தும் நாள் வந்தால், வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாட ஒரு வழி செய்துவிட்டு நிறுத்துங்கள். பட்டியலில் இலங்கையைச் சேருங்கள்.

மஸ்கெலியாத் தம்பி நேற்று மறுபடியும் போன் பண்ணினான். அப்பாவும் மகனும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் டிஸ்க்கைக் கொடுத்துவிடுகிறான். அடுத்தது டிக்கோயா. அங்கே ஒரு அக்காவும் தம்பியும் இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு விளையாட்டு ரசிகன்